ஒரு கரண்டி சீனி

போன மாதம் மௌமிதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த மகளிர் மையத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். "லலிதாதி, புதுசா பொண்ணுங்க சேர்ந்திருக்காங்க. ஒரு மணி நேரம் வந்து பேசுங்க. உங்க காலத்துல எப்படி வேலை செஞ்சீங்கன்னு கேக்கணுமாம்" என்றாள் வங்காள மொழியில். பெயரோடு ஒட்டும் 'தி' இங்கே அக்கா. உங்க காலமாம்! ஓய்வு பெற்ற களைப்பே இன்னும் தீரவில்லை, அதற்குள் எனக்கென்று ஒரு காலத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு மெட்ரோ பிடித்து பவானிபூர் போனேன்.

அதே இரண்டு அறைகள்தான். சுவருக்குப் புது வண்ணம், மூலையில் ஏசி. பெண்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். ஆபத்தில் இருக்கும் பெண் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பக்கத்திலிருக்கும் நாலு பேருக்குச் செய்தி போய்விடும் என்று செய்து காட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "எங்களுக்கு இது இருந்ததில்லை. நாங்க கிண்ணத்தை வெச்சு வேலை பார்த்தோம்" என்றேன். "கிண்ணமா?" என்று ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். மௌமிதா அவளை முறைத்தாள். சிரிக்கட்டும், எனக்கு என்ன? நல்லபடியாக முடிந்த கதைகளாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். கை தட்டினார்கள், சந்தேஷ் இனிப்பும் டீயும் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கதை யாருக்குத் தெரியக் கூடாதோ அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா இங்கே கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நான் பிறந்து வளர்ந்தது லேக் கார்டன்ஸில். சமூகப்பணி படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டாள்: "அடுத்தாத்துச் சண்டையிலே மூக்கை நுழைக்கிறதுக்குச் சம்பளம் வேற தராளா?" பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறையச் சட்டம், கொஞ்சம் நாடகம், முடிவில் ஒரு குரூப் போட்டோ. வேலையை நான் கற்றுக்கொண்டது ஷுக்லாதியிடம்.

ஷுக்லாதிதான் மையத்தைத் தொடங்கியவர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு பெண் அடிபட்டு வந்து எதிரே உட்கார்ந்தால், ஷுக்லாதி காகிதம் பேனா எதையும் எடுக்க மாட்டார். ஒரு முறத்தில் பச்சைப் பட்டாணியைக் கொட்டி உரிக்க ஆரம்பிப்பார். பாதியை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளிவிடுவார். வந்தவளும் தன்னையறியாமல் உரிக்கத் தொடங்குவாள். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் பட்டாணியைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். பட்டாணி கிடைக்காத மாதங்களில் பருப்பில் கல் பொறுக்குவோம். அந்த மையத்தில் நாங்கள் சாப்பிட்ட பருப்பில் ஒரு கல் இருந்ததில்லை!

ஒரு வீட்டுக்குப் போவதென்றால் அதற்கு முறை உண்டு. தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருத்தி பேசுவாள், மற்றவள் சமையலறைப் பக்கம் நிற்பாள். கட்டிலில் உட்காரக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், டீ குடிக்கக் கூடாது. டீயை வாங்கிக்கொண்டால் நீ அந்த வீட்டுக்காரனின் விருந்தாளியாகிவிடுவாய், அப்புறம் எப்படி அவனை அதட்டுவாய் என்பார் ஷுக்லாதி. "ஏன் அடிச்சான்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவே கூடாது. கேட்டால் அவள் காரணம் தேட ஆரம்பித்துவிடுவாள், தேடினால் தன் தப்பாக ஒன்று கண்டுபிடித்தும் விடுவாள். கிளம்பும்போது மாடிப்படியில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும்: "அடுத்த செவ்வாக்கிழமை மறுபடி வருவோம்!" அது அந்த வீட்டுக்குச் சொல்வதல்ல, மேல் வீடு கீழ் வீடு எல்லாவற்றுக்கும் சொல்வது. செவ்வாய்க்கிழமை நாங்கள் போகும்போது அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் ஒரு கை அகலம் திறந்திருக்கும். எங்களைவிட அந்தக் கதவுகளுக்குத்தான் அந்த வீட்டுக்காரன் பயந்தான்.

நானும் கூடப் போய் ஜெயித்த கதை ஒன்று உண்டு. அதைத்தான் மௌமிதாவின் வகுப்பில் சொன்னேன். ஒரு சந்தில் ஒருவன் தினம் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியைத் தெருவில் இழுத்துப் போட்டு அடிப்பான். அந்தச் சந்துப் பெண்களை ஷுக்லாதி ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். மறுநாள் காலை அத்தனை பேரும் ஆளுக்கொரு அரிவாள்மணையும் காய்கறியும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சண்டையில்லை, கோஷமில்லை. பூசணிக்காய் நறுக்கினார்கள், மீன் ஆய்ந்தார்கள். அவன் வேலைக்குக் கிளம்பி வாசலில் வந்து நின்றபோது எல்லா அரிவாள்மணையும் ஒரே நேரத்தில் நின்றது. அப்படியே உள்ளே போய்விட்டான். சில நாள் இது நடந்தது. கடைசியில் அவனே ஷுக்லாதியிடம் வந்து, "அவங்களை வேற இடத்துல காய் நறுக்கச் சொல்லுங்க, நான் இனிமே கை வைக்க மாட்டேன்" என்றான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தையே திருத்திவிடலாம் என்று நினைத்தோம்.

தோற்றதும் உண்டு. ரேகா என்று ஒரு பெண். அவள் எங்களைக் கூப்பிடவில்லை. முகத்தில் காயம் பார்த்ததாக யாரோ சொல்ல, நாங்களாகவே கிளம்பிப் போய்விட்டோம். அன்று அவள் புருஷன் ஏதோ நல்ல மனநிலையில் இருந்திருக்கிறான். நாங்கள் போய் அதைக் கெடுத்தோம். படியிறங்கித் தெரு திரும்புவதற்குள் அவளுடைய அலறல் கேட்டது. அன்றிலிருந்து ஷுக்லாதி ஒரு சட்டம் வைத்தார்: கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாது. எப்போது வெளியே சொல்லலாம், எப்போது சொன்னால் உயிருக்கு ஆபத்து என்பது உள்ளே இருப்பவளுக்குத்தான் தெரியும். நாம் அவளை மீறக் கூடாது.

அது எல்லோர் கையிலும் போன் வந்திராத காலம். இருந்த வீடுகளிலும் போன் புருஷனின் தலைமாட்டில் இருக்கும். பிறகு எப்படிக் கூப்பிடுவாள்? அதற்கு வந்ததுதான் கிண்ணம்.

வங்காளி வீடானாலும் நம் வீடானாலும் இந்த ஒரு பழக்கம் பொது. பக்கத்து வீட்டிலிருந்து ஏதாவது பண்டம் வந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாழைப்பழமாவது வைத்துக் கொடுப்பார்கள். எங்கள் வழக்கிலிருக்கும் பெண்ணின் பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருத்தியைப் பிடிப்போம். அவள் வாரத்தில் இரண்டு மூன்று தடவை கிண்ணத்தில் ஏதாவது கொடுத்தனுப்புவாள். கிண்ணத்தில் ஏதாவது திரும்பி வந்தால் பயமில்லை என்று அர்த்தம். வெறுமையாக வந்தால், உடனே வாருங்கள். எந்தப் புருஷனும் கிண்ணத்தைக் கவனிக்க மாட்டான். அது பெண்கள் விஷயம், அவன் கண்ணில் படாது. இது ஷுக்லாதியின் மூளை. பல வீடுகளில் பலித்தது. வெறும் கிண்ணம் வந்து நாங்கள் ஓடி, கெரசின் டின்னைக் கையிலிருந்து பிடுங்கிய வீடும் உண்டு. அதனால் அந்தக் கிண்ணத்தைப் பற்றி இன்றைக்கும் நான் குறைவாகப் பேச மாட்டேன்.

இனி சுபாவின் கதை.

பவானிபூரில் ஒரு சந்துக்குள் நம்மவர் ஒருவருடைய மளிகைக்கடை இருந்தது. அப்பளம், காப்பித்தூள், இட்லி அரிசி, கண்ணாடி பாட்டிலில் முறுக்கு. கடைக்காரன் முருகேசன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அளந்து பேசுவான், அளவுக்குமேல் இரண்டு முறுக்கு போட்டுத் தருவான். நானும் அங்கேதான் காப்பித்தூள் வாங்குவேன். மேல்மாடியில் வீடு. அதற்கும் மேல் தளத்தில் நமிதா பௌதி, அதாவது நமிதா அண்ணி, என்று ஒரு வங்காளி அம்மாள். முறுக்கெல்லாம் சுற்றுவது முருகேசனின் அம்மா சிவகாமி. அவர்கள் வீட்டு மருமகள்தான் சுபா. கல்கத்தாவிலேயே பிறந்த தமிழ்ப் பெண், வங்காளப் பள்ளியில் படித்தவள், பி.காம். கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். வாய் ஓயாது. மாமியாரின் திருநெல்வேலித் தமிழையும் தன்னுடைய வங்காளத் தமிழையும் கலந்து அவள் பேசினால் வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு நாள் அந்த வாய் மூடியிருந்தது. உதட்டில் தையல். நான் ஒன்றும் கேட்கவில்லை. காப்பித்தூளை வாங்கிக்கொண்டு, மையம் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். என்னை மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு, பட்டாணியை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு விட்டுட்டுப் போகத் தெரியாம இல்லை மாஷி. போனா எங்க போறது? எங்க அப்பாவுக்கு ஹார்ட். அத்தை வேற இருக்காங்க. அத்தை மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்" என்றாள்.

அத்தை என்றால் மாமியார் சிவகாமி. அந்த வீட்டில் இவளுக்கு இருந்த ஒரே துணை அவர்தான். அடி விழுந்தால் நடுவில் வந்து விழுவார். பிறகு இவளுக்கு மஞ்சள் பற்றுப் போடுவார். ஒரு நாள் கடையில் யாரும் இல்லாதபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார்: "என்னத்தச் சொல்லுதது லலிதாம்மா. நான் பெத்ததுதான். அவங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தாவ. எனக்கு அப்பம் கேக்க ஆள் இல்ல. இந்தப் புள்ளைக்காவது யாராவது கேக்கணும்லா?"

நமிதா பௌதியைப் பிடித்துக் கிண்ணத்தை ஏற்பாடு செய்தோம். அப்போதுதான் நான் ஷுக்லாதியிடம் சொன்னேன்: "மாமியார்கிட்டயும் இதைச் சொல்லிடலாம். அவங்க நம்ம பக்கம்தான்."

ஷுக்லாதி தலையாட்டி மறுத்தார். "வீட்டுக்குள்ள நல்லவங்க யாரோ, அவங்களைத்தான் அவன் முதல்ல மிரட்டிக் கேப்பான். பெத்த பிள்ளை அழுது கேட்டா எந்த அம்மாவும் உளறிடுவா. தெரியாததை யாராலும் உளற முடியாது."

சரியான பேச்சுதான். அதுதான் வேதனை. தப்பான பேச்சாக இருந்திருந்தால் ஷுக்லாதியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கிண்ணம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நமிதா பௌதி பாயசமோ கொண்டைக்கடலையோ அனுப்புவார். சுபா தட்டையோ முறுக்கோ வைத்துத் திருப்புவாள். நடுவில் சால்ட் லேக்கில் ஒரு ஆபீசில் கணக்கெழுதும் வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். எங்களுக்குச் சொல்லியிருந்தாள், வீட்டில் சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜை முடிந்த வாரம், இங்கே அது தை மாசியில் வரும். நல்ல பட்டாணிக் காலம். நாங்கள் மையத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நமிதா பௌதி வந்தார். வழக்கம்போல் கிண்ணத்தைக் காட்டினார். உள்ளே கொஞ்சம் சீனி இருந்தது.

"யார் குடுத்தா?" என்று கேட்டேன்.

"மாமியார்தான் மேல கொண்டுவந்து குடுத்தாங்க. சுபாவுக்குக் கால்ல ஏதோ சுளுக்காம், படியேற முடியலையாம்."

"ஷுக்லாதி, சுபா சீனி அனுப்ப மாட்டா. பாட்டில் பாட்டிலா முறுக்கு இருக்கிற வீடு அது. நான் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரேனே" என்றேன்.

ஷுக்லாதியின் கை நின்றது. கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். ரேகாவை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ரேகாவைத்தான் நினைத்தேன். "காலியா இல்லையே, லலிதா" என்றார் கடைசியில். "அவ கூப்பிடலை. அவன் இப்ப சாப்பிட வர்ற நேரம், நீ போய் நின்னா என்ன ஆகும்? சாயங்காலம் நமிதா வேற ஒரு கிண்ணம் அனுப்பட்டும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பட்டாணியை உரித்தேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. முந்தின நாளே அந்த ஆபீசிலிருந்து வேலை கிடைத்த கடிதம் முருகேசனின் கையில் சிக்கியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் சுபாவின் பாதத்தைச் செருப்புக் காலால் மிதித்திருக்கிறான். நாளைக்கு மத்தியானம் வந்து மிச்சத்தைப் பேசிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். வழுக்கிவிட்டது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு அந்தப் பெண் காலையில் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். பிறகு எங்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கடையை அடைத்துவிட்டு மேலே வந்தவன் அவன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நடைபாதையில் சிவகாமியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். முடி அவிழ்ந்து கிடந்தது. அவர் போட்ட கூச்சலில்தான் நமிதா பௌதியும் தெருவும் ஓடிவந்து கதவை உடைத்து, முருகேசனைப் பிடித்துப் போலீசில் கொடுத்தார்களாம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு நிற்கவில்லை.

"காலைல நல்லாத்தான் இருந்தாம்மா. கால் வலிக்குதுன்னா, எண்ணெ தேச்சு விட்டேன். இந்தக் கிண்ணத்த மேல குடுத்துருங்க அத்தைன்னா. நல்லாத் தொடச்சுக் குடுத்தா. பாத்தேன், வெறுங்கிண்ணம். பாவம், கால் வலியில மறந்துட்டா போலன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுங்கிண்ணத்தக் குடுக்கலாமா? ஒரு கரண்டி சீனி போட்டு நாந்தான் கொண்டு குடுத்தேன். அம்புட்டு நேரம் நல்லாத்தாம்மா இருந்தா."

தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே சொன்னார்: "இனி அவன் வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன். இந்தப் புள்ள எங்க போகுதோ அங்க நானும் போவேன். அவளுக்கு நாந்தான், எனக்கு அவதான்."

உள்ளே போனேன். சுபாவின் தலையைச் சுற்றிக் கட்டு. இடது காதில் விழுந்த அறையில் அந்தக் காது போய்விட்டது, அது பிறகு தெரிந்தது. நான் சொன்னது கேட்காமல் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினாள்.

"மாஷி, கிண்ணம் வந்துச்சா?"

"வந்தது."

"பார்த்தீங்களா?"

கதவருகே சிவகாமியம்மா வந்து நின்றார். கையில் எங்கிருந்தோ வாங்கிய பால் தம்ளர், அது ஆறிவிடாமல் முந்தானையால் மூடியிருந்தார். சீனி இருந்தது என்று நான் சொல்லியிருந்தால் போதும். யார் போட்டது என்று சுபாவுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். பால் தம்ளரோடு நிற்கிற அந்த அம்மாவுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் யார் மிச்சம்?

"பார்த்தோம்" என்றேன். "வர முடியலைம்மா."

சுபா என்னையே பார்த்தாள். அழவில்லை. "ஓ" என்றாள். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டாள், கேட்காத காது என் பக்கம் இருக்கும்படி.

மையத்துக்கு வந்து ஷுக்லாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மாமியார்கிட்ட சொல்லிடலாம்னு நீ சொன்ன. சொல்லியிருக்கணும்" என்றார். நான் வேறு எதையோ சொல்ல வந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "சுபாகிட்ட சொல்லாதே. நம்மளை வெறுக்கட்டும். நம்மளை வெறுத்தா அவளுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. அந்த அம்மாவை வெறுத்தா அவ எங்க போவா?" அதுதான் ஷுக்லாதி. நெஞ்சு வெடித்தாலும் வழக்கை விட்டு வெளியே பேச மாட்டார். அந்த வாரமே எல்லாப் பக்கத்து வீடுகளுக்கும் போய், கிண்ணம் இனிமேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வந்தார். ஷுக்லாதி இப்போது இல்லை. இந்த விஷயத்தைப் பேச எனக்கு இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

சுபா அதன்பிறகு எங்கள் மையத்துப் படியை மிதிக்கவில்லை. வேறு ஒரு வக்கீலைப் பிடித்து வழக்கு நடத்தி விவாகரத்து வாங்கினாள். மாமியாரும் மருமகளுமாக எங்கள் லேக் கார்டன்ஸிலேயே ஒரு அறை எடுத்து முறுக்கு சுற்றி விற்றார்கள். அதற்குப் பிறகு சால்ட் லேக் ஆபீஸ் வேலைக்குப் போனாள், மேலே வந்தாள், அங்கேயே வீடும் வாங்கினாள். இதெல்லாம் எனக்குச் சிவகாமியம்மா சொல்லித் தெரியும். சால்ட் லேக் போன பிறகும் எங்கள் காய்கறிச் சந்தைக்கு வருவார், எப்போதாவது என்னைப் பிடித்துக்கொள்வார்.

"உங்க மேல அவளுக்கு என்னமோ கோவம் லலிதாம்மா. என்னட்டின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நீங்க என்ன செஞ்சீய? நல்லதுதான செஞ்சீய? நான் வேணும்னா எடுத்துச் சொல்லுதேன், ஒருநா வீட்டுக்கு வாங்க."

"வேண்டாம்மா. அவ கோவம் நியாயம்தான்" என்பேன்.

"என்ன நியாயம்? எனக்குச் சொல்லுங்க" என்று விடமாட்டார். நான் கத்தரிக்காய் விலை கேட்கப் போய்விடுவேன். என் பையில் வலுக்கட்டாயமாக ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுத்தான் அனுப்புவார். அந்த அம்மாவுக்கு யாரையும் வெறுங்கையாக அனுப்பத் தெரியாது.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அடித்தவன் ஜாமீனில் வந்து, கடையை விற்றுவிட்டு, ஊரோடு போய்விட்டான். அவன் சௌக்கியமாக இருக்கிறானாம். அவனை விட்டுவிட்டு நாங்கள் நாலு பெண்கள் ஒரு கரண்டி சீனியைச் சுமந்துகொண்டு இத்தனை வருஷம் நடந்தோம். அதில் இரண்டு பேருக்குச் சுமப்பதே தெரியாது.

மௌமிதாவின் வகுப்பு முடிந்த சில நாளில் ஒரு போன் வந்தது. "லலிதா மாஷியா? சுபா பேசறேன். அத்தை போயிட்டாங்க. தூக்கத்துலயே. பதினாறாம் நாளுக்கு உங்களைக் கூப்பிடணும்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க."

போனேன். சால்ட் லேக்கில் விசாலமான வீடு. சிவகாமியம்மாவின் படத்துக்கு மல்லிகை மாலை. சுபாவுக்குத் தலை நரைத்துவிட்டது. காதில் சின்னதாக ஒரு கருவி, ஆனாலும் பழக்கத்தில் வலது பக்கத்தைத்தான் திருப்புகிறாள். வந்தவர்களெல்லாம் போனபிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கேக்கறாங்க மாஷி, மாமியாரை எதுக்கு இத்தனை வருஷம் வெச்சுப் பார்த்தேன்னு. அன்னிக்கு எனக்கு யாரு வந்தா? கத்திக் கூப்பாடு போட்டு என்னைக் காப்பாத்தினது அத்தைதான். என்னைக் கைவிடாத ஒரே மனுஷி" என்றாள்.

படத்தைப் பார்த்தேன். இனி அந்த அம்மாவுக்கு வலிக்கப் போவதில்லை. இப்போது சொல்லலாம். சொன்னால் என் பாரம் இறங்கும், நாங்கள் உன்னைக் கைவிடவில்லை என்று நிரூபித்ததாகவும் இருக்கும். ஆனால் அவளுக்கு? மிச்சமிருப்பது அந்தப் படம் ஒன்றுதான். அதையும் நான் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதா?

"ஆமாம்மா. அவங்க மாதிரி வராது" என்றேன். எழுந்து போய்ப் படத்தின் மாலையைச் சரிசெய்தேன். துக்கத்தில் செய்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

கிளம்பும்போது ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பாயசம் ஊற்றி மூடி போட்டுக் கொண்டுவந்தாள். "தனியாத்தானே இருக்கீங்க, ராத்திரி சாப்பிடுங்க. கிண்ணத்தை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பினா போதும்."

"ஏதாவது பண்ணி, போட்டு அனுப்பறேன்" என்றேன், பழக்கத்தில்.

லிப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குரலில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு ஏதாவது கஷ்டம்னா வெறுமையாவே அனுப்புங்க மாஷி. நான் வந்துடுவேன்."

பாயசம் நன்றாக இருந்தது. கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் சால்ட் லேக்கில்தான் வேலை பார்க்கிறான், கொடுத்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். முறுக்கு வாங்கி வைத்தேன், எடுத்துவிட்டேன். சீனி டப்பாவின் பக்கம் கை போகவே மாட்டேன் என்கிறது. கிண்ணம் அங்கேயே வெறுமையாக இருக்கிறது.